வரைபடத்தில் இல்லாத நாற்பத்தொரு வீடுகள்

மழைக்காலம் தொடங்க மூன்று வாரம் இருந்தபோது, எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வெள்ளத்தின்போது யார் எங்கே போவது என்று காட்டும் கணினி வரைபடத்தை ஒரு தன்னார்வக் குழு தயாரித்திருந்தது. அதிலுள்ள நிவாரண இடங்களை நேரில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பன்னிரண்டு இடங்கள், ஒரு நாள் வேலை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் பார்த்தவள் நான்; உடனே பெயர் கொடுத்துவிட்டேன். நாலு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

ஞாயிறு காலை 7.10-க்கு மயிலாப்பூர் குளத்தருகே செல்வத்தின் ஆட்டோவில் ஏறினேன். நாள் முழுக்க 1,400 ரூபாய். மயிலாப்பூரின் நான்கு இடங்களில் மூன்று சரி. நான்காவது புள்ளி யார் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேலோ நின்றது. உண்மையான பள்ளி இரண்டு தெரு தள்ளி.

அங்கிருந்து தி.நகர் ஐந்து கிலோமீட்டர். பண்டிகைக் கூட்டத்தில் முப்பத்தைந்து நிமிடம். போன் 'சமுதாயக் கூடம்' என்று காட்டிய இடத்தில் ஒரு கடையின் வாகன நிறுத்தம்.

"இன்னா மேடம், கூடம் எங்க கீது? காருதான் நின்னுக்கினு கீது," என்றார் செல்வம்.

போனிலிருந்த வரைபடச் செயலியில் 'நல்ல நிலை', 'சுமார்', 'பழுது' என்று மூன்றே விடைகள். இல்லாத கூடத்தைப் 'பழுது' என்று பதிந்தேன். மற்ற நான்கில் இரண்டு பூட்டியிருந்தன. சாவி யாரிடம் என்று விசாரித்தே பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

அடையாற்றங்கரைக்கு 12.40-க்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே முதல் இடம், படகு வந்து நிற்கும் ஒரு சந்து முனை; அதற்கு மேல் சந்து முழுவதையும் போன் பச்சையாக, 'காலி நிலம்' என்று காட்டியது. எதிரே வரிசையாக வீடுகள். முதல் வீட்டு வாசலில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த நூர்ஜஹான், விஷயத்தைக் கேட்டதும் தையல் மெஷினை நிறுத்தினார்.

"போன வெள்ளத்துல என் பொண்ணுக்கு வலி வந்துடுச்சுக்கா. படகு அந்த முனை வரைக்கும் வந்துச்சு. இதுக்கு மேல வீடு இல்லன்னு போனப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்க. நாங்க கத்துனது அவங்களுக்குக் கேக்கல."

துணி வெட்டும் மேசையைத் தலைகீழாகப் போட்டு, அதில் மகளைப் படுக்கவைத்து, இடுப்பளவு தண்ணீரில் நான்கு பேர் மெயின் ரோடு வரை தள்ளிப் போயிருக்கிறார்கள். குழந்தை ஆஸ்பத்திரி வாசலில் பிறந்தது. இருவரும் நலம்.

மற்றவர்கள் தங்கியது சந்தின் கோடியிலிருந்த பள்ளிவாசல் மாடியில். அதைச் சேர்க்கப் பார்த்தேன். 'இங்கே கட்டடம் இல்லை' என்று செயலி மறுத்தது. தன்னார்வக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் பிரபுவைப் போனில் கூப்பிட்டேன்.

"சாட்டிலைட் படத்துல தெரியலையே மேடம். மரமா இருக்கு."

"மரத்துக்குக் கீழதான் நான் நிக்கறேன் பிரபு. எதிர்ல வீடு இருக்கு. வீட்டுக்குள்ள மனுஷங்க இருக்காங்க."

 அதற்குப் பிரபு, ஒவ்வொரு வாசலிலும் நின்று புகைப்படத்தோடு புள்ளி வைத்தால் கையாலேயே சேர்ப்பதாகச் சொன்னார். வைத்தோம். நூர்ஜஹான் ஒவ்வொரு வீட்டிலும் யாரால் நடக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே வந்தார், நான் அதையும் பதிந்தேன், செல்வம் வீடுகளை எண்ணினார். போன் சூடாகி இரண்டு முறை அணைந்தது. நாற்பத்தொன்றாவது வீட்டில் மணி 4.15. அடையாற்றின் மற்ற இரண்டு இடங்களை அரை மணியில் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன்.

பதினொரு நாள் கழித்துப் புதிய வரைபடம் வந்தது. நாற்பத்தொரு புள்ளிகளும் பள்ளிவாசலும் இருந்தன. தி.நகர் கூடம் மட்டும் 'பழுது' என்றே நின்றது. அதைச் சரிசெய்ய இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த பெருமழையில், பகல் மூன்று மணிக்கு நூர்ஜஹானிடமிருந்து போன்.

"படகு சந்துக்குள்ளயே வந்துடுச்சுக்கா. நடக்க முடியாத ஆறு பேர மொதல்ல ஏத்திட்டாங்க."

போனை வைத்ததும் அதை அப்படியே பிரபுவுக்கு எழுதி அனுப்பினேன். 

நீங்களும் இந்த வேலைக்குக் கிளம்பினால் பவர் பேங்க் இரண்டு, தொப்பி, காகிதத்தில் அச்சிட்ட வரைபடம் ஒன்று கொண்டு போங்கள். ஞாயிறு தி.நகரைத் தவிருங்கள். நான் பூட்டிய கேட்டுகளுக்கு முன் காலையைத் தொலைத்துவிட்டு ஆற்றங்கரைக்குக் கடைசியாகப் போனேன். நீங்கள், வரைபடத்தில் 'காலி நிலம்' என்று போட்டிருக்கும் இடத்துக்கு முதலில் போய், அங்கே யாராவது இருக்கிறார்களா என்று குரல் கொடுத்துப் பாருங்கள்.