மலர் அக்காவுக்குப் பின்னால் இருந்தவள்

பால் எடுக்க வருகிற அண்ணன்தான் அன்று விடியுமுன் வந்து என் படலையைத் தட்டினார். மலர் அக்காவின் மோட்டார் சைக்கிள் எருமையில் மோதிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "நீ பின்னால இரிக்கல்லியா?" என்று கேட்டார். நான் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

முப்பத்தோராம் நாளில் அக்காவின் நினைவாக அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லி அக்காவின் மகள் கேட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அக்காவை அறிந்த எல்லாரும் இதை வாசிப்பீர்கள். அதனால் அந்த அண்ணனுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் எருமைத் தயிர் விற்றவர்கள். சந்தை கூடுமுன் டவுனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எங்கள் ஊரான உன்னிச்சையிலிருந்து இரவு மூன்று மணிக்கே வெளிக்கிடுவோம். செத்துப்போன தன் புருஷனின் மோட்டார் சைக்கிளை, அவருடைய நீளச் சட்டையையும் மாட்டிக்கொண்டு, அக்கா ஓட்டுவார். அவருக்கும் தயிர்ச்சட்டிப் பெட்டிக்கும் நடுவில் நான்.

முதல் நாளே குளக்கட்டுப் பக்கம் றோட்டில் கறுப்பாக ஒன்று நின்றது. "அக்கா, ஆனை" என்று கத்திவிட்டேன். அக்கா சைக்கிளை நிறுத்தி, லைட்டைக் குறைத்து, என் தொடையில் நுள்ளினார். அது மெதுவாக வயல் வட்டைக்குள் இறங்கிப் போகும் வரைக்கும் என் பல் கிட்டிப்போய்க் கிடந்தது. "பேரச் சொன்னா தன்னக் கூப்பிடுறாங்க எண்டு வந்திருவார். பெரியாள் எண்டு சொல்லுகா" என்றார்.

அக்கா பெரியாளுக்குக் கூட அவ்வளவு பயப்படவில்லை. மாட்டுக்குத்தான் பயந்தார். தார் றோட்டின் சூட்டுக்கு எருமைகள் வந்து படுத்துவிடும். இருட்டும் எருமையும் ஒரே நிறம். "பெரியாள நான் பாக்கன். நீ மாட்டப் பாரு" என்று வேலையைப் பிரித்துத் தந்தார். இடப்பக்கம் கண்டால் இடது தோளில் தட்டுவேன், வலப்பக்கம் என்றால் வலது தோளில். இரண்டு வருசம் அப்படித்தான் போய் வந்தோம்.

பயம் மட்டும்தான் என்றால் பொய். கதிர் பூக்கிற காலத்தில் அந்தக் காற்றும் மணமும் முகத்தில் அடிக்கும்போது இறங்கவே மனம் வராது. வலையிறவுப் பாலம் வந்ததும் வாவி முழுக்க மீன்பிடிக்கிறவர்களின் விளக்குகள் தெரியும். அதுவரைக்கும் எங்களுக்குள் பேச்சில்லை. பாலத்தில் ஏறியதும் அக்கா, "சட்டிக்குத்தான் மூடி போட்ட. உன்ர வாய்க்கு என்னத்துக்குகா? இனிச் சிரி" என்பார். சிரித்துக்கொண்டேதான் டவுனுக்குள் போவோம்.

கடைசி வாரம் பெரியாள் ஒன்று எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சுவரை இடித்துவிட்டது. அன்றிரவு றோட்டில் ஏற எனக்குப் பயமாக இருந்தது. காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். என் சட்டிகளை எடுக்க வந்த அக்கா உள்ளே வந்து என் நெற்றியில் கையை வைத்தார். நெற்றி பச்சைத் தண்ணீர் போலக் கிடந்தது, எனக்குத் தெரியும். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஓம், சுடுதுதான். கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சுப்போட்டுப் படுகா. உன்ர பங்கையும் நான் பாக்கன்" என்றார்.

சைக்கிள் சத்தம் தூரத்தில் போய் இல்லாமல் போகும்வரை கேட்டுக்கொண்டு கிடந்தேன். அப்பாடா என்று இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அண்ணன், நான் பின்னால் இருக்கவில்லை. எனக்குக் காய்ச்சலும் இல்லை.

திருத்திய சைக்கிளை அக்காவின் மகள் என்னிடமே தந்துவிட்டாள். போன கிழமையிலிருந்து நான் ஓட்டுகிறேன். பெரியாளையும் நான்தான் பார்க்கிறேன், மாட்டையும் நான்தான் பார்க்கிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது நெற்றியில் வைத்த அந்தக் கை. பொய் என்று தெரிந்தும் என்னைப் படுக்க விட்டுப் போன கை. பாலம் வருகிறது, விளக்குகளும் தெரிகின்றன. வாயைத் திறக்க இன்னும் என்னால் முடியவில்லை.