கேட்டு வாங்கிய இரவு வேலை

ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பைக் கவனிக்கும் மாஸ்டர் அவர். ஐம்பது வயது. தொப்பை முன்னே வரும், சிரிப்பு அதற்கும் முன்னே வரும். கல்யாணமான நாளிலிருந்து பகல் வேலைதான். ஒரு வருஷமாக மட்டும் இரவு வேலை. "முதலாளி மாத்திட்டாரு, என்ன பண்ண?" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அந்தப் பொய் கடைத்தெருவில் உடைந்தது. அவருடன் வேலை செய்பவரின் மனைவி மாஸ்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் அக்கா! எங்க வீட்டுக்காரரோட ராத்திரி ஷிப்டை உங்கவருதானே கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கிட்டாரு?"

காய்கறிப் பையை வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டு வந்து, தூங்கிக்கொண்டிருந்த கணவரை உலுக்கினாள்.

"யாரு அவ?"

"எவ?"

"பொண்டாட்டி படுக்கற நேரம் பாத்து வெளிய ஓடுறீங்களே, எவளுக்காக?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"யாரும் இல்லடி. என்னால... முடியல. உன் பக்கத்துல படுக்கவே வெக்கமா இருந்துச்சு."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன அவளுக்கு. "இதுக்கா ஒரு வருஷம் என்னைக் கொன்னீங்க? சட்டையப் போடுங்க. டாக்டர்கிட்டப் போறோம்."

டாக்டர் முன்னால் மாஸ்டர் தரையைப் பார்த்தார். மனைவிதான் பேசினாள். புகைப் பழக்கம், சர்க்கரை, மாடி ஏறினால் வாங்கும் மூச்சு, ஒவ்வொன்றாகக் கேட்ட டாக்டரின் முகம் மாறியது.

"நெஞ்சைப் பரிசோதிக்கணும்."

"கோளாறு அங்க இல்லையே சார்!" என்றார் மாஸ்டர்.

"ரத்தக்குழாயோட உட்சுவர் அழற்சியில வீங்கி, உள்ளுக்குள்ளயே கொழுப்பு படிஞ்சுக்கிட்டு வரும். அது ஓரிடத்தோட நிக்காது. நீங்க கோளாறுன்னு சொல்ற இடத்துல இருக்கற குழாய் மெல்லிசு, அதனால முதல்ல தெரியும். இதயத்துக்குப் போறது கொஞ்சம் பெரிசு. சத்தமில்லாம அடைச்சுக்கிட்டே வரும். எல்லாருக்கும் அப்படின்னு இல்ல. ஆனா பாக்காம விடக்கூடாது."

பார்த்தார்கள். இதயத்தின் முக்கியமான குழாய் ஒன்றில் முக்கால்வாசி அடைப்பு.

அடைப்பை நீக்க உள்ளே கொண்டுபோகும்போது தள்ளுபடுக்கையிலிருந்து அவர் முனகினார். "வெக்கப்பட்டு மறைச்சுட்டேன். மன்னிச்சிடு."

"இன்னொருத்தியத் தேடிப் போறீங்கன்னு நெனச்சு அழுதேன்," என்றாள் அவள். "நீங்க மொத்தமாவே போகப் பாத்தீங்களே, பாவி மனுஷா!"

"கையை விடுங்கம்மா, உள்ள போகணும்," என்றாள் நர்ஸ்.

"நான் எங்கம்மா பிடிச்சிருக்கேன்? அவருதான் விடமாட்டேங்கறாரு."