பத்து அங்குல மேடு

நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். இத்தாலியின் பலேர்மோ நகரில் ஒரு பேஸ்போல் மைதானத்தின் காப்பாளராக நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஆட்டத்தின் நடுவில் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அதற்கான காரணத்தைச் சொல்ல ஒரு வாரம் பின்னே போக வேண்டும்.

1. மேடும் சுவரும்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். பேஸ்போலில் பந்து எறிபவர் ஒரு மண்மேட்டில் நின்று எறிவார். மேட்டின் உச்சியில் வெள்ளை ரப்பர் பலகை பதித்திருக்கும். அது, அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டைவிடப் பத்து அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வோர் ஆட்டம் முடியவும் மேட்டில் குழி விழும். களிமண்ணை நனைத்து இடித்து, நூல் கட்டி, நீர்மட்டம் வைத்து அளந்து சரிசெய்வேன்.

எங்கள் அணி துறைமுகத் தொழிலாளர் சிலர் தொடங்கியது. சம்பளத்துக்கு ஆடுபவர்களின் முதல் பிரிவுக்கு அதை ஏற்றிவிட்டவர் சாரோ என்ற பந்து எறிபவர். உடைமாற்றும் அறைச் சுவரில் பழைய வீரர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். நடுப்படத்தில் சாரோவைத் தோளில் தூக்கி வைத்திருப்பார்கள். நான் சேர்ந்தபோது அவர் விளையாட்டை விட்டு, கபோ சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். சுவரில் இருப்பவர்களின் கதைகளை எனக்குச் சொன்னவர் அவர்தான். புதிதாக வரும் வீரர்களுக்கு அவற்றை நான் சொல்லுவேன். மைதானத்துக்கு வெளியே நான், வீடுகளில் துடைப்பு வேலை செய்கிற சாந்தியின் கணவன். உள்ளே அந்த அணியின் வரலாறு தெரிந்த ஆள்.

2. இரண்டு விரல்

அந்த வருடம் கடைசி ஆட்டத்தில் தோற்றால் முதல் பிரிவிலிருந்து இறங்கிவிடுவோம் என்ற நிலை. ஒரு வாரம் இருக்கும்போது சாரோ வந்தார்.

"நேசா, மேட்டை ரெண்டு விரல் உயர்த்து. எங்கட ஆள் மேலையிருந்து எறியிறவன், அவனுக்கு உதவும். அவையின்ர ஆள் பக்கவாட்டிலை எறியிறவன், அவனுக்கு ஒண்டும் கிடையாது."

"அது சரிவராது, சிஞ்ஞோர் சாரோ."

"ஆர் அளக்கப் போயினம்?"

"நான் அளப்பன்."

அவர் திரும்பிப் போய்விட்டார். அந்த வாரம் கபோவில் அவருடைய கடைக்குப் போனபோது என்னைப் பார்த்தும் பாராததுபோல் வேறு ஆளைக் கவனித்தார்.

சாந்திக்கும் கவலைதான். "அவை எல்லாரும் அந்தாளின்ர சொல்லைக் கேக்கிறவை. தோத்தால் பழி உங்களிலைதான் விழும். வேலையும் போகும்."

"ஓம், தெரியும்," என்றேன். ஆட்டத்தன்று காலையில் மேட்டை இரண்டு தடவை அளந்தேன்.

3. நூல்

ஐந்தாவது இன்னிங்ஸ் வரை எதிரணியால் எங்கள் பையனின் பந்தைத் தொட முடியவில்லை. அவர்களுடைய மனேஜர் நடுவரிடம் போய், மேடு உயரம் என்று முறையிட்டார். அப்போதுதான் நடுவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிழையெண்டால் ஆட்டம் அவையளுக்குத்தான் போகும். விளங்குதோ?"

"ஓம். நூலை நீங்களே பிடியுங்கோ," என்றேன்.

அவர் ஹோம் பிளேட்டின் பக்கம் ஒரு நுனியைப் பிடித்தார். மற்ற நுனியை ரப்பர் பலகையில் பிடிக்கும்படி எதிரணி மனேஜரிடம் கொடுத்து, நூலை மட்டமாக்கி, பிளேட்டிலிருந்து நூலுக்கு அளவுகோலை நிறுத்தினேன். நடுவர் அளவுகோலைக் குனிந்து பார்த்தார், பிறகு இன்னொருமுறை பார்த்தார்.

"பத்து. விளையாடுங்கோ."

ஒரு ஓட்ட வித்தியாசத்தில் வென்றோம். எல்லோரும் எறிந்த பையனைத் தூக்கினார்கள். அவன் இறங்கி வந்து என் கையைப் பிடித்து மேட்டுக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னான். அந்தப் படம் இன்று சுவரில் இருக்கிறது.

4. சாரோ சொன்னது

இரண்டு நாள் கழித்து நான் மேட்டைத் திருத்திக்கொண்டிருக்கும்போது சாரோ வந்தார்.

"நான் வெண்ட வருசம் மேடு ரெண்டு விரல் உயரம். அப்பத்தைய காப்பாளர் எனக்காகச் செய்தவர். ஒருத்தரும் அளக்கேல்லை. எல்லாரும் என்ர கையைப் பற்றிக் கதைக்கினம். வெண்டது கையோ மண்ணோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது, நேசா. அந்தப் பெடியனுக்குத் தெரியும்."

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அளக்கும் நூலின் மற்ற நுனியைப் பிடிக்கும்படி அவரிடம் கொடுத்தேன். இருவரும் முழங்காலிட்டு அளந்து முடித்தோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேட்டைச் சரியாக வைத்திருங்கள். அதில் நின்று வெல்பவனுக்கு அந்த வெற்றி முழுதாகச் சொந்தமாக வேண்டும். அதை அவனுக்குக் கொடுக்கக்கூடியவர் காப்பாளர்தான்.