அந்துருண்டை வாசனை

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, ஒரு கம்பளிப் போர்வையை மடித்தது. சலவைக் கடையின் பின்னறையில் அப்பா இரண்டு முனைகளைப் பிடித்தார். மகள் மற்ற இரண்டை.

“மெதுவாடி. நீ இழுக்கிற இழுப்புல போர்வை கூடாரமாயிடும்.”

“நீங்க விட்டுக்குடுத்தா நான் ஏன் இழுக்கப்போறேன்?”

“உங்கம்மாவும் இதையேதான் சொல்லுவா.”

மறுநாள் பகலில் அப்பா மூச்சு முட்ட, தொங்கிய கோட்டுகளிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தாராம். பிறகு சரிந்தார். எதிர்க்கடைத் தையல்காரர் வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஏற்கெனவே பலவீனமான இதயம். மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மருத்துவர் மகளைத் தனியே அழைத்தார்.

“தப்பா நினைக்காதீங்க. அப்பாவுக்கு ஏதாவது பழக்கம் உண்டா?”

இரத்தத்தில் ஒரு செயற்கை டிரிப்டமைன் இருந்தது. இல்லாததைக் கண்முன் காட்டும் போதைப்பொருள். மூலக்கூறின் ஒரு மூலையை மாற்றிவிட்டு, சட்டம் விழித்துக்கொள்வதற்குள் விற்றுத் தீர்க்கிற சரக்கு. மகள் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். அந்தப் பெயரை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தெரு வாய் திறந்துவிட்டது. “இந்த வயசுல மனுஷனுக்கு இது தேவையா?” துணியை முகர்ந்தே என்ன கறை என்று சொல்பவர் என்பதால் ‘மூக்குக்காரர்’ என்று கூப்பிட்ட அதே தெரு. தேநீரில்கூட இரண்டாவது கோப்பை தொடாதவர். உயிர் போனது போகட்டும், பெயரும் போக மகள் விடுவதாயில்லை.

கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு கடையைத் திறந்தாள். தையல்காரர் வாசலில் நின்றார்.

“அண்ணே, அன்னிக்குப் புதுசா ஏதாவது செஞ்சாரா?”

“புதுசா என்னம்மா? ஒரு கோட்டுப் பையில பொட்டலம் கிடைச்சுதுன்னு காட்டினார். கோட்டுக்காரன் என்னோடதே இல்லைன்னு அடிச்சுச் சொல்லிட்டானாம். மேல ‘நறுமணப் பொடி’ன்னு போட்டிருந்துச்சு. இவர் மோந்து பார்த்துட்டு, ‘நறுமணமாம்! அந்துருண்டையைப் பொடிச்சு ஊரை ஏமாத்துறான்யா’ன்னு சிரிச்சார். வீணாக்குவானேன்னு எடுத்து வச்சுக்கிட்டார்.”

அவள் மேசைமேல் கிடந்த துணித் தூரிகையைப் பார்த்தாள். அந்தச் சேர்மத்துக்கு அந்துருண்டை நாற்றம் உண்டு. மூக்கு பொய் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டது. கம்பளி உருப்படிகளின் மடிப்புகளில் அந்துருண்டைப் பொடியைத் தூவி, முகம் படக் குனிந்து தூரிகையால் தேய்த்துவிடுவது அப்பாவின் வழக்கம்.

தூரிகையை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனாள். அதேதான்.

திரும்பி வந்து தையல்காரரிடம் சொன்னாள்: “பழக்கம் இல்லண்ணே. தொழில்.”

“எனக்குத் தெரியாதாம்மா? தெருவுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

இன்னும் எதிலெல்லாம் தூவினார் என்று அலமாரியை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கோட்டுகள் சுத்தமாக இருந்தன. கடைசித் தட்டில், உள்ளங்கை அகலக் கம்பளிச் சட்டை ஒன்று. மடிப்பில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

“இது யாரோடது?”

“மாடி வீட்டுக் கைக்குழந்தையோடது. அன்னிக்குச் சாயங்காலமே நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்னு சொல்லியிருந்தார். குழந்தையோட அம்மா ரெண்டு தடவை வந்து கேட்டுட்டுப் போயிடுச்சு.”