தேவகி அழுத்திய மூன்றாம் எண்

ஈப்போ சிலிபின் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது. "உங்க ஆபீஸ் தேவகி போயிட்டாங்களாமே, தெரியாதா?" என்றாள் கீரைக்காரி. விடிகாலையில், ஆஸ்பத்திரியிலேயே. எடுத்த கீரைக்கட்டை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சிறுநீரகம் கெட்டு ஒரு வருடமாகப் படுத்திருந்தவள்தான். ஆனால் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்.

தோட்டக் கம்பெனியின் ஈப்போ அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த தேவகியை அறிந்தவர்கள் கோப்பெங் பக்கத்துத் தோட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "சொல்லுங்க பாட்டி, நான் எழுதித் தாரேன்" என்றாள் பேத்தி. வேண்டாம் என்றேன். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றாலும், தமிழ் எழுத என் கைக்குத் துணை தேவையில்லை.

எங்கள் தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வருடம், தேவகி நோட்டுப் புத்தகத்தோடு நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, வந்தாள். வீடு வீடாக ஒரே கேள்வி.

"அக்கா, கம்பெனி கடுதாசி வரும். மலாய், இங்கிலீஷ், தமிழ். எதுல வேணும்?"

"தமிழ்ல போடு தாயி. இந்த லயத்துக்கே நான்தான் படிச்சுச் சொல்றவ."

பக்கத்து வீட்டு மருதை அண்ணன் சிரித்தார். "எனக்கும் அதேதான் லா. அஞ்சலை படிக்கலன்னா கம்பெனி கடுதாசியும் ஒண்ணுதான், கச்சான் கடலை மடிக்கிற காகிதமும் ஒண்ணுதான்."

அலுவலகத்தில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எந்த மொழி என்று அது கேட்கும். தமிழுக்கு மூன்றாம் எண்ணை அழுத்த வேண்டும். அச்சடிக்கும் மிஷின் மூன்று, மொழிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்தந்த மொழியில் கடிதம் முன்பே அச்சான தாள்; பெயரை மட்டும் மிஷின் போடும். எங்கள் பெயர் எல்லாவற்றுக்கும் தேவகி மூன்றை அழுத்தினாள். திரையிலும் மூன்று என்றே காட்டியது. ஆனால் அத்தனை கடிதமும் இங்கிலீஷ் மிஷினுக்கே போனது. மிஷின்கள் இருந்த, பூட்டிய குளிர் அறையில் அச்சாகி, அங்கேயே உறையில் போட்டு ஒட்டி, தபாலுக்கும் போய்விட்டது. அவள் ஒரு தாளைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

கடிதம் வந்த அன்று மருதை அண்ணன்தான் முதலில் என்னிடம் கொண்டுவந்தார். பிரித்தால் முழுக்க இங்கிலீஷ். அவரைத் தவிர அங்கே யாரும் இல்லை; ஆனாலும் லயத்துக்கே படித்துச் சொல்கிறவள் என்ற பேர் எனக்கு. "எனக்குத் தெரியாது அண்ணே" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நடுவில் ஒரு தேதி இருந்தது. தோட்டம் விற்கிற பேச்சும் காதில் இருந்தது. ஊகித்துவிட்டேன்.

"லயத்தைக் காலி பண்ணச் சொல்லிருக்கு, அண்ணே. இந்தத் தேதிக்குள்ள."

"அப்படியா," என்று கடிதத்தை மடித்துச் சாமி படத்தின் பின்னால் செருகினார். மறுநாளே இரண்டு மூட்டையோடு சிலிம் ரிவர் பக்கம் வேலை தேடிப் போய்விட்டார். மற்றவர்கள் கடிதத்தைக் கொண்டுவந்தபோது, தேவகி வந்து படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நான்கு நாள் கழித்துத் தேவகி வந்தாள். வேறு தோட்டத்து ஆள் ஒருவர் அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் நீட்டியபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. முதல் பஸ்ஸில் ஏறி, செம்மண் சாலையில் நடந்து வந்திருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் கடிதத்தை வாங்கி, பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தாள்: 'வீட்டு மனை வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து கையெழுத்திடவும்.' அதைப் படித்தபோதுதான் தெரிந்தது, அண்ணனிடம் நான் ஊகித்துச் சொன்னது தப்பு என்று.

"மருதை அண்ணன் எங்கக்கா?"

"சிலிம் ரிவர் பக்கம் போயிட்டாரு" என்று மட்டும் சொன்னேன்.

சிலிம் ரிவர் தோட்டங்களில் அவரை இரண்டு நாள் தேடினாள். அகப்படவில்லை. மற்ற எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். தேதி முடிந்தபின் அவராகவே திரும்பி வந்தார். மேனேஜரிடம் தேவகி எவ்வளவோ மன்றாடினாள், நடக்கவில்லை. "யாரு உங்களப் போகச் சொன்னா?" என்று அவரிடமே கேட்டாள். அண்ணன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "நானாத்தான் போனேன் தாயி."

பிறகு தேவகிதான் எனக்கு அந்த அலுவலகத்தில் டீ போடும் வேலை வாங்கிக் கொடுத்தாள். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிய பையன் கோலாலம்பூரிலிருந்து வந்த அன்று நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "அது கேக்கும் மிஸ். நீங்க சொன்ன பதிலப் போய்ப் பாக்காது. நான் சோதிக்கறப்ப இங்கிலீஷ் மிஷின்னு வச்சேன், அப்படியே நின்னுடுச்சு" என்றான்.

"பாக்கப் போறதில்லன்னா எதுக்குப்பா கேட்டுச்சு?" என்றாள் தேவகி. அவன் டீயைக் குடிக்காமலே போனான்.

அதற்குப்பின் ஒவ்வொரு கட்டுக் கடிதத்துக்கும் குளிர் அறைக்குப் போய், ஒரு தாளை உருவிப் படித்த பிறகே ஒட்டவிடுவாள். "தேவகிக்குக் கம்ப்யூட்டர் மேல நம்பிக்கையே இல்ல லா" என்று கிண்டல் செய்வார்கள். "அது மட்டும் என் பேச்சக் கேட்டுச்சாக்கும்?" என்பாள், சிரிக்காமல்.

மகள் பொன்னம்மாவின் வாடகை வீட்டுக்குப் பின்னால், தகரச் சாய்ப்பில், அடுத்த மழைக்காலம் தாண்டாமல் மருதை அண்ணன் இறந்தார். சாவு வீட்டில் தேவகி பொன்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான். ஒரு தாளப் போய்ப் பாத்திருந்தா உங்கப்பா சொந்த வீட்டுல கண்ண மூடியிருப்பாரு" என்றாள். பொன்னம்மா கையை உருவிக்கொண்டாள். கடைசிவரை தேவகியோடு பேசவே இல்லை. சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் அன்று பக்கத்தில் காப்பிக் குவளையோடு நின்றேன். வாய் திறக்கவில்லை. அதன்பின் ஐந்து வருடம் தினமும் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அப்போதும் திறக்கவில்லை.

அவள் தமிழில் எழுதித் தந்த அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அது வாங்கித் தந்த மனையில் கட்டிய வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அந்தக் காகிதத்தோடு அவளுடைய சொல் ஒன்றையும் வைத்துக்கொள்கிறேன். அவள் சுமந்திருக்க வேண்டாத சொல் அது.

பொன்னம்மா, நீ இதைப் படிப்பாய். தேவகி இல்லை. உன் அப்பாவுக்கு அந்தக் கடிதத்தைப் படித்துச் சொன்னவள் நான். என்னால்தான்.