ஒன்பது பிடி புக்கை

மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் பத்து வீடுகள். மாடு இருப்பது ஒரேயொரு வீட்டில், அதுவும் வேதக்கார வீட்டில். அந்த வீடு எங்களுடையது. என் கணவர் தேவாலயத்தில் மூப்பர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் சிவலை ஜேர்சிக் கலப்பு. குணத்தில் சாது, வாய்க்கு மட்டும் கட்டுப்பாடு கிடையாது.

மற்ற ஒன்பது வீடும் சைவக்காரர். தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல் வரும்போது மாட்டுக்குப் புக்கை, அதுதான் பொங்கற்சோறு, கொடுக்க அவர்களுக்கு ஒரு மாடு வேண்டும். ஆகவே அன்று காலை ஒன்பது வீடும் வாழையிலையும் கையுமாக எங்கள் வாசற் படலையில் நிற்கும். சிவலையைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, கழுத்தில் மாலை போட்டு, ஆளுக்கு ஆள் ஊட்டுவார்கள். நான் படலையில் நின்று வகுப்பு நடத்துவேன்.

"ஒரு வீட்டுக்கு ஒரு பிடி. அதுக்கு மேலை ஒரு பருக்கையும் குடுக்கப்படாது. அவளுக்கு வயிறு ஒண்டுதான் இருக்கு."

"ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். முன்பு பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கணக்கு செய்யாத பிள்ளைகளும் இப்படித்தான் தலையாட்டினார்கள். அதிலிருந்தே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இந்த மாட்டு விஷயத்தில் எனக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. அவளை வாங்கிய புதிதில் ஒரு மத்தியானம் தொட்டுப் பார்த்தேன், மூக்கு காய்ந்து கிடந்தது. மாட்டுக்கு மூக்கு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பதறிப்போய் மாட்டு டொக்டருக்கு அழைத்தேன். அவர் குருநகர்ப் பிள்ளை. கரையோரத்தில் வளர்ந்து, மீனைத்தான் முதலில் அறிந்து, பிறகு மாட்டுக்கு வைத்தியம் படித்தவர். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, மாட்டைப் பார்த்தார், மேலே வானத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"மாட்டுக்கு வருத்தம் ஒண்டுமில்லை ரீச்சர். வெயில். நிழலிலை கட்டித் தண்ணி வையுங்கோ."

அதற்குப் பிறகு நான் ரோஷக்காரியாகிவிட்டேன். அடுத்ததாக அவள் போட்ட ஒரு கன்றுக்கு வயிற்றாலே போனபோது அவருக்குச் சொல்லவேயில்லை. மாதுளந்தோலை அவித்து அவித்துப் பருக்கினேன். மூன்றாம் நாள் கன்று படுத்தபடியே கிடந்தது. கண் உள்ளே போய்விட்டது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் அப்படியே கூடாரம் போல நின்றது. அப்போதுதான் கூப்பிட்டேன். டொக்டர் வந்து சேலைன் ஏற்றி அதைக் காப்பாற்றினார். என்னையும் நன்றாக ஏசினார். "சும்மா வெயிலுக்கெல்லாம் கூப்பிட்டீங்கள். தண்ணி வத்திச் சாகப்போற கண்டுக்கு ஏன் கூப்பிடேல்லை?" என்றார்.

போகும்போது ஒரு கலண்டர்த் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். அசை போடாமல் நின்றால், இடப்பக்க வயிறு உப்பினால், படுத்த மாடு எழும்பாவிட்டால், மூத்திரம் சிவப்பாகப் போனால், பால் கட்டி கட்டியாக வந்தால், கன்று போட முக்கத் தொடங்கி ஒரு மணித்தியாலம் கழிந்தும் கால் தெரியாவிட்டால், யோசிக்காமல் அழைக்க வேண்டும். கடைசியில் கோடிட்டு ஒரு வரி: 'நான் முதலில் கேட்பது, என்ன தின்றது, எவ்வளவு தின்றது. சரியாகச் சொல்லவும்.' அந்தத் தாளைக் கொட்டில் கூரையின் வளை மரத்தில் ஒட்டிவைத்தேன். எனக்கு அது மனப்பாடம். மனப்பாடம் செய்த பிள்ளைகள் எத்தனை பேர் சோதனையில் கோட்டை விட்டதைக் கண்டவள் நான்.

போன வருடத்துப் பட்டிப்பொங்கலுக்குச் சிவலை ஏழு மாதச் சினை. இரண்டு தரம் ஊசி போட்டும் தங்காமல் மூன்றாம் தரம் தங்கிய சினை. அதனால் அந்த வருடம் படலையில் என் குரல் இன்னும் உயர்ந்திருந்தது. ஒன்பது வீடும் வந்தது, ஒன்பது பிடியும் கொடுத்தது, போனது. எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

மத்தியானம் வைக்கல் வைக்கப் போனால் மாலையும் சந்தனமுமாக நின்றவள் திரும்பியும் பார்க்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டபடி நின்றாள். வாய் அசையவில்லை. நற நறவென்று பல்லைக் கடித்தாள். இடப்பக்கம் புடைத்திருந்தது. விரலால் தட்டினேன், மேளம் போல டம் என்றது. வளையிலிருந்த தாளை நிமிர்ந்து பார்த்தேன். முதல் இரண்டு வரியும் கண்முன்னே நின்றன. போனை எடுத்து டொக்டருக்கு அழைத்தேன்.

அவருக்கு லீவு நாள். ஆனாலும் எடுத்தார்.

"என்ன திண்டது ரீச்சர்?"

"புக்கை."

"எவ்வளவு?"

"வீட்டுக்கு ஒரு பிடி. ஒன்பது பிடி."

கொஞ்சம் யோசித்தார். "ஒன்பது பிடிக்கு அப்பிடி ஊதக்கூடாது. காத்தாத்தான் இருக்கும். முன்னங்கால் ரண்டும் மேட்டிலை நிக்கிற மாதிரிப் பிடிச்சு வையுங்கோ, மெல்ல நடத்துங்கோ. இஞ்சி, உள்ளி எண்டு வாயிலை ஒண்டும் ஊத்திப்போடாதேங்கோ, சுவாசப்பைக்கை போயிடும். அரை மணித்தியாலத்திலை எடுத்துச் சொல்லுங்கோ."

செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவ ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. ஒன்பது வீடும் கொட்டிலடியில் கூடிவிட்டது. காலையில் கும்பிட்ட அதே சனம் இப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றது. என் கணவர் கயிற்றைப் பிடித்து அவளை நடத்தினார். நான் ஆள் ஆளாக விசாரித்தேன்.

"நீங்கள் எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"ஒரு பிடிதான் ரீச்சர்."

"நீங்கள்?"

"ஒரு பிடி. அதுவும் சின்னப் பிடி."

ஒன்பது பேரும் சொல்லி வைத்தது போல ஒரே விடை. எல்லாரும் ஒரே விடை எழுதினால் எல்லாரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது என் தொழில் அனுபவம். அதட்டி உண்மையை வாங்கியிருப்பேன். ஆனால் அதட்ட எனக்கு யோக்கியதை இருக்கவில்லை. ஏனென்றால் பத்தாவது வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டை ஒருவரும் விசாரிக்கவில்லை.

அரை மணித்தியாலம் போனது. வயிறு குறையவில்லை, கூடியது. புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிந்தாள். பிறகு முழங்காலை மடித்துப் படுத்துவிட்டாள். என் கணவர் கயிற்றை இழுத்தார், தட்டினார், கெஞ்சினார். எழும்பவில்லை. அவள் வயிற்றுக்குள் இருந்த அந்தக் கன்றை நினைத்தேன். மூன்று தரம் காத்திருந்த கன்று. என் ரோஷம் அந்த நிமிடத்தில் செத்துப்போனது.

டொக்டருக்கு அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"டொக்டர், ஒன்பது பிடி இல்லை. நானும் குடுத்தனான். விடிய முன்னம் எழும்பி, ஒரு கொத்துப் பச்சையரிசியிலை சர்க்கரையும் பாலும் விட்டுப் பொங்கினனான். முழுப் பானையையும் குடுத்திட்டன்."

மூப்பர் வீட்டு அம்மா பட்டிப்பொங்கலுக்குப் பொங்கியிருக்கிறாள்! எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எதற்காகச் செய்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் ஒரே பதில்தான். என் மாட்டுக்கு ஊரே பொங்கிக் கொண்டாட, நான் மட்டும் வருடா வருடம் படலைக்குக் காவல் நிற்க மனம் கேட்கவில்லை. அவளுக்குச் சினை தங்கிய சந்தோஷத்தை நானும் எப்படியோ கொண்டாட வேண்டியிருந்தது.

என் பானை உடைந்ததும் மற்றப் பானைகளும் உடைந்தன. முன்வீட்டு அக்கா அழத் தொடங்கினார். "நானும் ஒரு பிடியோடை நிக்கேல்லை ரீச்சர். பின்வேலிப் பொட்டாலை வந்து சட்டியோடை வைச்சனான்." அவருக்கு அடுத்த வீடும் அதே பொட்டால்தான் வந்திருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. நான் படலையில் நின்று முழங்க, அரைவாசி ஒழுங்கை பின்வேலி ஓட்டைக்குள்ளால் நுழைந்து போயிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமோ தெரியாது. நாங்கள் பத்து வீடும் சேர்ந்து முழுச் சோற்றையும் ஒரு மாட்டுக்குள் மறைத்திருந்தோம்.

எல்லாவற்றையும் கூட்டினேன். கிட்டத்தட்ட ஆறு கொத்து அரிசி, ஐந்து கிலோவுக்கு மேல்.

"ஆறு கொத்தோ!" என்று கத்தினார் டொக்டர். "ரீச்சர், இது காத்தில்லை. சோறு வயித்துக்கை புளிச்சு அமிலமாகுது. உதை முதலே சொல்லியிருந்தால் நான் இப்ப அங்கை நிப்பன். வாறன்."

குருநகரிலிருந்து ஸ்கூட்டி எந்த வேகத்தில் வந்ததென்று நான் கேட்கவில்லை. வந்ததும் வாயால் குழாயை விட்டு வயிற்றில் சேர்ந்திருந்த காற்றை எடுத்தார். வந்த நாற்றத்தில் ஒன்பது வீடும் நான்கடி பின்வாங்கியது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து அதே குழாயால் உள்ளே விட்டார். கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, சேலைன் போத்தலை முருங்கைக் கொப்பில் கட்டினார். கொப்பு முறியும் என்று பயந்து முன்வீட்டு அக்கா போத்தலைத் தன் கையாலேயே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கை மாற்ற வந்த ஒருவரையும் விடவில்லை. அது அவருக்குப் பிராயச்சித்தம்.

நான் சிவலையின் தலைமாட்டில் குந்தியிருந்தேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளடி" என்று அவள் காதில் சொன்னேன். அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

என் கணவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "இஞ்சரும், விடிய குசினியிலை சர்க்கரை மணந்தது. மூக்கு உள்ள மனிசன்தானே நான்."

"தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனீங்களோ?"

"நீர் சந்தோஷமாப் பாடிக்கொண்டு கிண்டினீர். கெடுப்பான் ஏன் எண்டு விட்டிட்டன்."

பொழுதுசாயும் நேரத்தில் அவள் கழுத்தை நீட்டினாள். நேரே என் முகத்துக்கு ஒரு பெரிய ஏவறை விட்டாள். சர்க்கரையும் புளிப்பும் கலந்த வாடை. டொக்டர் கைதட்டிச் சிரித்தார். "உதுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தனான்!" கொஞ்ச நேரத்தில் முன்னங்காலை ஊன்றி, பின்னங்காலை உயர்த்தி, தானாகவே எழும்பி நின்றாள். ஒழுங்கை முழுவதும் ஆரவாரம் செய்தது. அடுத்த நாள் காலையில் அசை போட்டாள். நான் கதிரையைப் போட்டு முன்னால் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தேன். அவ்வளவு ருசியான தேத்தண்ணியை அதற்கு முன் நான் குடித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், எங்கள் வீட்டில் ஒருவர் சுகமடைந்ததற்காக ஸ்தோத்திரம் வாசிக்கப்பட்டது. என் கணவர் ஆளின் விபரம் எழுதவில்லை. ஆராதனை முடிந்ததும் ஆறேழு பேர் என்னிடம் வந்து, வயிற்றுக்கு இப்போது எப்படி என்று அக்கறையாகக் கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். பொய்யில்லையே.

பங்குனியில் சிவலை ஒரு நாகு, பெண் கன்று, போட்டாள். பின்வேலிப் பொட்டை அடைக்கவில்லை. அடைத்தால் சனம் வேறு பொட்டுத் தேடும்.

இந்த வருடத்துப் பட்டிப்பொங்கலுக்குப் புக்கையைப் படலையடியில் வெளிப்படையாக நானே பொங்கினேன். ஒன்பது வீடும் அரிசியும் சர்க்கரையும் கொண்டுவந்து ஒரே பானையில் போட்டது. சிவலைக்கு ஒரு பிடி, மிச்சம் எல்லாம் மனிசருக்கு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டொக்டர் அழைத்தார்.

"ரீச்சர், இந்த வருசம் எத்தினை பிடி?"

"ஒண்டுதான். முழு ஒழுங்கைக்கும் சேர்த்து ஒண்டு."

"உண்மையாவோ?"

கலண்டர்த் தாளின் கடைசி வரி நினைவுக்கு வந்தது.

"ஒரு பிடியும், ஒரு வாழைப்பழமும்" என்றேன்.

கொட்டிலுக்குள்ளிருந்து மூப்பரின் குரல் கேட்டது.

"ரண்டு பழம் எண்டு சொல்லும். மற்றது நான் குடுத்தனான்."