மூன்றாவது குரல்

நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவில், பொழுது சாய்ந்த பிறகு யாராவது கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டோம். உயிரோடு இருப்பவர்கள் மூன்று தடவை கூப்பிடுவார்கள், கடலோடு போனவர்களால் ஒரு தடவைதான் முடியும் என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்ப்பார்கள். சுனாமிக்குப் பிறகு இந்தப் பழக்கத்தின் பிடி இன்னும் இறுகியது. மூன்று வயதில் அலைக்குத் தப்பிய இசைவாணிக்கு அது உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இறகுப்பந்தில், அதுவும் இரட்டையர் ஆட்டத்தில், இது பெரிய தொல்லை. தலைக்கு மேல் வரும் பந்து பின்கோட்டைத் தாண்டுமா என்று அண்ணாந்து நிற்பவளுக்குத் தெரியாது. ஜோடிதான் பார்த்து ‘விடு’ என்று கத்த வேண்டும். ஒரு சொல்லுக்குத்தான் நேரம். அதே தெருவில் வளர்ந்த ஆர்த்தி மட்டும் ‘விடுவிடுவிடு’ என்று ஒரே மூச்சில் கொட்டுவாள்.

“என்னடி, ஆடு ஓட்டுறியா?” என்று எதிரணியில் கேலி செய்வார்கள்.

“இது எருமைடி. மூணு தடவ சொன்னாத்தான் நகரும்.”

அப்படியே மாவட்டம், மண்டலம் என்று ஜெயித்தார்கள். நன்னிலத்தில் ஒரு அரிசி ஆலையின் காலிக் கிடங்குதான் பயிற்சிக்கு. காற்று வராது, தவிட்டுத் தூசிதான் வரும்.

போன குறுவை அறுவடையில், அங்கிருந்து ஸ்கூட்டியில் தனியாகத் திரும்பிய ஆர்த்தி, சாலையில் காயப்போட்டிருந்த நெல்லில் சறுக்கினாள். பின்னால் லாரி. மறுநாளும் அந்த நெல்லை யாரோ திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இசைவாணி மட்டையைத் தொடவில்லை. முத்துப்பேட்டையிலிருந்து பர்வின் வந்து வாசலில் நிற்கும்வரை.

“எனக்கு ஜோடி இல்லக்கா. இந்த வருஷம் தங்கம் வாங்கினாத்தான் திருச்சி காலேஜ்ல சீட்டு. அடுத்த வருஷம்னு ஒண்ணு கெடையாதுன்னு அத்தா சொல்லிட்டாங்க.”

பிளஸ் டூ முடித்த பெண். இசைவாணி அவள் முகத்தைப் பார்க்காமலேயே சரி என்றாள்.

மாநில இறுதி ஆட்டம் தஞ்சாவூர் உள்ளரங்கில். விளக்கு போட்டபிறகுதான் தொடங்கியது. முதல் செட்டு நம் பக்கம். இரண்டாவது போனது. பர்வின் ‘விடு’ என்று கத்தியும், வெளியே போகவேண்டிய பந்துகளை இசைவாணி எட்டி எட்டி அடித்தாள்.

இடைவேளையில் பர்வினுக்கு அழுகை முட்டியது. “ஒரு தடவ சொன்னா காதுல விழாதாக்கா?”

“விழுது. விழுறதுதான் பயமா இருக்கு.” தெருப் பழக்கத்தைச் சொன்னாள்.

“இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? நான் மூணு தடவ கத்திட்டுப் போறேன்.”

“வேணாம் பர்வின். அது அவ கூப்பிடுற மாதிரி.”

“எனக்கு சீட்டு வேணும்க்கா” என்றாள் பர்வின். தண்ணீர் பாட்டிலை மூடக்கூட இல்லை.

கடைசிச் செட்டு. இன்னும் ஒரு புள்ளி இருந்தால் தங்கம். பந்து உயரமாக எழுந்து இசைவாணியின் தலைக்கு மேல் வந்தது. அவள் பின்னால் நகர்ந்து மட்டையை ஓங்கினாள். பிறகு, யாரோ கையைப் பிடித்து இறக்கியதுபோல மெதுவாக இறக்கினாள். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

பர்வின் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

திரும்பும் வேனில் மெடலைக் கடித்துப் பார்த்தபடி பர்வின் சொன்னாள்: “ரெண்டு தடவதான் கத்துனேன். மூணாவதுக்குள்ள தொண்டை அடைச்சுப்போச்சு. நல்லவேளை, நீங்க விட்டுட்டீங்க.”

“மூணு கேட்டுச்சே.”

“இல்லக்கா. அல்லா மேல சத்தியமா ரெண்டுதான்.”

நன்னிலம் சாலை வந்ததும், இசைவாணி ஓட்டுநரிடம் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னாள். நெல் இல்லாத வெறும் சாலை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பர்வின் இப்போது திருச்சியில் படிக்கிறாள். இருவரும் ஜோடியாகவே ஆடுகிறார்கள், தோற்பது குறைவு. ஏனென்றால் இசைவாணி இப்போதெல்லாம் முதல் குரலுக்கே திரும்பிவிடுகிறாள். ஆட்டத்துக்கு நல்லதுதான். அவள் அம்மா அமிர்தம்தான் விளக்கு வைத்ததும் வாசல் கதவைச் சாத்திவிடுகிறார்.

போன வாரம் மீன் வலை காயும் பக்கமாக அவள் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. சட்டென்று நின்று, கடல் பக்கம் திரும்பி, “என்னடி?” என்றாள்.

யாரும் கூப்பிடவில்லை.